தமிழ் அணியிலக்கணத்தின் வரலாறு

அணியிலக்கணம் என்பது செய்யுளில் சொல்லும் பொருளும் அழகுபெற அமையும் முறைகளை விளக்கும் இலக்கணப் பிரிவாகும். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணத்துள் இது ஐந்தாவதாக எண்ணப்படுகிறது. ‘அணி’ என்னும் சொல்லுக்கு அழகு, நகை என்னும் பொருள்கள் உண்டு. பள்ளி மாணவர்கள் இன்று படிக்கும் உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், தீவகம் முதலிய அணிகளின் வரிசை பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரத்திலிருந்து வருவது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொல்காப்பியம் உவமையைப் பற்றி விரிவாகப் பேசியுள்ளது. ஆனால் தொல்காப்பியத்தில் உவமை பொருளிலக்கணத்தின் ஒரு பகுதியாக இடம்பெற்றது. தண்டியலங்காரத்தில் அது அணிகளுள் ஒன்றாயிற்று. இந்த இடமாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் கிடைத்தது எது, பின்தங்கியது எது என்பதே தமிழ் அணியிலக்கண வரலாற்றின் மையமான செய்தியாகும்.

உவமையால் பெயர்பெற்ற புலவர்கள்

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர், இயற்பெயர் தெரியாத புலவர் சிலரை அவர்கள் பாடலில் வந்த தொடராலேயே குறித்தனர். அத்தொடர்களுள் பல உவமைகளாகும். செம்புலப் பெயனீரார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக் கோழியார் ஆகியோர் குறுந்தொகையில் இவ்வாறு பெயர்பெற்றவர்கள். தேய்புரிப் பழங்கயிற்றினார் நற்றிணையில் வருபவர்.

இவ்வுவமைகள் எதுவும் அரிய பொருளைக் காட்டவில்லை. ஓரேருழவனார் பாடலில், வினை முடித்துத் திரும்பும் தலைவனின் நெஞ்சம், ஈரம் காய்வதற்குள் நிலத்தை உழுதுவிட வேண்டுமென்று விரையும் ஒற்றை ஏர் உடைய உழவனோடு ஒப்பிடப்படுகிறது. தேய்புரிப் பழங்கயிற்றினார் பாடலில், திரும்பிச் செல்லலாம் என்னும் நெஞ்சுக்கும், எடுத்த வினையை இடையில் விடுவது இழிவு என்னும் அறிவுக்கும் நடுவே தலைவன் அகப்படுகிறான். அவன் உடல், இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த கயிறாகிறது. குப்பைக் கோழியார் பாடலில், ஏவி விடுவோரும் விலக்கி விடுவோரும் இல்லாமல் குப்பைமேட்டில் தாமே பொருதும் கோழிகள் தலைவியின் காமநோய்க்கு உவமையாகின்றன.

இம்மூன்று இடங்களிலும் உவமையை நீக்கிவிட்டால் பாடலில் எஞ்சுவது மிகக் குறைவு. தலைவனின் அவசரம் எத்தகையது என்பதை உழவனின் அவசரமே சொல்கிறது. உவமை இங்கே பாடலுக்கு மேல் பூட்டிய நகையாக இல்லாமல் பாடலின் பொருளாகவே இருக்கிறது. தொகுத்தோர் புலவரை உவமையால் நினைவுகொண்டதும் இதனையே காட்டுகிறது.

தொல்காப்பியத்தில் உவமை

தமிழில் இன்று கிடைக்கும் மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியம் எழுத்ததிகாரம், சொல்லதிகாரம், பொருளதிகாரம் என மூன்று பகுதிகளை உடையது. அணிக்கெனத் தனி அதிகாரம் அதில் இல்லை. பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஏழாவதாக உவமவியல் அமைந்துள்ளது. இதற்கு முன்னுள்ள மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் முறையைக் கூறுகிறது. இதற்குப் பின்னுள்ள செய்யுளியல், பாடலின் வடிவத்தைக் கூறுகிறது. உணர்ச்சிக்கும் வடிவத்துக்கும் இடையில் உவமை வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் வகுக்கிறார். இவற்றை இன்றைய எளிய தொடர்களால் விளக்கலாம்.

வினை: “பருந்து போலப் பாய்ந்து பறித்தான்.” செயல் ஒத்திருக்கிறது.
பயன்: “ஊருணி போல உதவுகிறார்.” விளையும் பயன் ஒத்திருக்கிறது.
மெய்: “பானை போன்ற வயிறு.” வடிவம் ஒத்திருக்கிறது.
உரு: “மஞ்சள் போன்ற நிறம்.” வண்ணம் ஒத்திருக்கிறது.

உவமை பிறப்பதற்கான காரணங்களையும் தொல்காப்பியம் கூறுகிறது. சிறப்பு, நலன், காதல், வலிமை ஆகிய நான்கோடு, ஒன்றைத் தாழ்த்திக் கூறும் நோக்கத்தையும் சேர்த்து நிலைக்களம் ஐந்தாகும். ஒரு பொருளை ஏன் ஒப்பிடுகிறோம் என்னும் வினா இங்கேயே எழுப்பப்பட்டுவிடுகிறது. அன்பினால் ஒப்பிடுவதும் இகழ்வதற்காக ஒப்பிடுவதும் வடிவத்தில் ஒன்றே; நோக்கத்தில் வேறு.

உருவகம் தொல்காப்பியத்தில் தனியாகப் பெயரிடப்படவில்லை. பொருளையே உவமையாக்கிக் கூறினாலும் அது உவமையே என்னும் கருத்து அந்நூலில் உள்ளது. உரையாசிரியர்கள் உருவகத்தை இதனுள் அடக்குவர்.

உள்ளுறையும் இறைச்சியும்

தொல்காப்பியம் உவமையை உள்ளுறை உவமம், ஏனை உவமம் என இரண்டாகப் பிரிக்கிறது. ‘போல’, ‘அன்ன’ முதலிய உருபுகளாலோ, அவை மறைந்து நின்றோ வெளிப்படையாக ஒப்பிடுவது ஏனை உவமம். பாடலில் வரும் நிலக்காட்சியையே உவமையாக்கி, ஒப்பிடப்படும் பொருளைச் சொல்லாமல் விடுவது உள்ளுறை உவமம்.

மருதத்திணைப் பாடல்களில் இதனை எளிதில் காணலாம். தலைவன் பரத்தையரிடம் சென்று திரும்புகிறான். அவனைத் தலைவியோ தோழியோ நேரடியாகக் கடிந்துகொள்ளாமல், “எருமை பொய்கையில் இறங்கிப் பூக்களை மிதித்து உழக்கும் ஊரை உடையவனே” என்னும் பாங்கில் விளிக்கிறாள். கேட்போர்க்கு அது ஊரின் வருணனை. தலைவனுக்கோ எருமை யார், மிதிபட்ட பூ யார் என்பது தெரியும்.

உள்ளுறைக்குக் கருப்பொருள்களே அடிப்படை. விலங்கு, பறவை, மரம், நீர், தொழில் முதலியவை அதில் இடம்பெறும். தெய்வம் மட்டும் விலக்கப்படும். பேசுபவர் யார் என்பதற்கு ஏற்பவும் தொல்காப்பியம் எல்லை வகுக்கிறது. தலைவி கூறினால், அவள் அறிந்த பொருள்களைக் கொண்டே உவமை அமைய வேண்டும். தோழி கூறினால், அந்த நிலத்துக்குரிய பொருள்களைத் தாண்டக் கூடாது. தலைவன் கூறினால், அவன் அறிவும் பெருமையும் தோன்ற அமையலாம். வீட்டெல்லைக்குள் வாழும் பெண் அறியாத ஒன்றை அவள் வாயில் புலவர் வைக்கக் கூடாது என்பது இதன் கருத்து. உவமையை அதைச் சொல்பவரின் வாழ்க்கையோடு பிணைக்கும் இவ்விதி பின்வந்த அணிநூல்களின் இலக்கணங்களில் இவ்வளவு முதன்மை பெறவில்லை.

உள்ளுறைக்கு நெருங்கியது இறைச்சி. உள்ளுறையில் காட்சியின் உறுப்புகள் கதைமாந்தரோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். இறைச்சியில் அத்தகைய பொருத்தம் தேவையில்லை. கருப்பொருளின் புறத்தே ஒரு குறிப்புப் பொருள் தோன்றும். பிரிந்து செல்லும் வழியில் ஓர் ஆண்யானை தன் பிடியின் பசியைத் தீர்க்க மரப்பட்டையை உரித்துக் கொடுக்கும் காட்சி வந்தால், அதைக் காணும் தலைவன் தன் துணையை நினைந்து திரும்புவான் என்னும் நம்பிக்கை அதில் பிறக்கிறது.

தண்டியும் காவியாதரிசமும்

வடமொழியில் அலங்கார நூல்கள் தனித் துறையாக வளர்ந்தன. அவற்றுள் பெரும் செல்வாக்குப் பெற்றது தண்டி இயற்றிய காவியாதரிசம். தண்டி ஏறத்தாழ கி.பி. 700ஐ ஒட்டிப் பல்லவர் ஆட்சிக்கால காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர் எனக் கருதப்படுகிறார்.

காவியாதரிசம் மொழி எல்லைகளைக் கடந்து பரவியது. கன்னடத்தில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்சனின் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில் தோன்றிய கவிராசமார்க்கம் அதனைத் தழுவியது. சிங்களத்தில் சியபஸ்லகர என்னும் நூல் அதனைப் பின்பற்றியது. 13ஆம் நூற்றாண்டில் அது திபெத்திய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. ஒரு வட்டார மொழி தன்னை இலக்கிய மொழியாக நிறுவிக்கொள்ள முனைந்தபோது, இலக்கணத்தையும் எடுத்துக்காட்டையும் வரிசையாகத் தரும் இந்நூல் கைக்கு எட்டிய வழிகாட்டியாக அமைந்தது.

வடமொழி மரபும் அலங்காரத்தோடு நின்றுவிடவில்லை. 9ஆம் நூற்றாண்டில் காசுமீரத்தைச் சேர்ந்த ஆனந்தவர்த்தனர் தொனியாலோகத்தில், சொல் நேராகத் தரும் பொருளுக்கு அப்பால் தோன்றும் குறிப்புப் பொருளே கவிதையின் உயிர் என வாதிட்டார். இக்கொள்கை தமிழின் உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் நெருக்கமானது. ஆயினும் தமிழ் இலக்கண நூல்கள் விரிவாகத் தழுவிக்கொண்டது அதற்கு முந்திய தண்டியின் அலங்கார முறையையே.

வீரசோழியமும் தண்டியலங்காரமும்

தமிழில் ஐந்திலக்கணத்தையும் ஒரே நூலில் கூறிய முதல் நூல் வீரசோழியம். வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் புத்தமித்திரர் இதனை இயற்றினார். இதன் இறுதிப் பகுதியான அலங்காரப் படலம் தண்டியின் முறையைப் பின்பற்றியது. பொருளதிகாரத்துள் இருந்த உவமை, ‘அலங்காரம்’ என்னும் தனிப் பிரிவுக்கு மாறியது இந்நூலில்தான்.

அடுத்த நூற்றாண்டில் தண்டியலங்காரம் தோன்றியது. காவியாதரிசத்தைத் தழுவிய இந்நூலின் ஆசிரியரும் தண்டி என்றே வழங்கப்படுகிறார். எடுத்துக்காட்டுப் பாடல்கள் சிலவற்றில் அனபாயன் என்னும் பெயர் வருவதால், அப்பெயர் கொண்ட இரண்டாம் குலோத்துங்க சோழனின் (1133–1150) காலத்தோடு இது தொடர்புபடுத்தப்படுகிறது.

தண்டியலங்காரம் பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல் என மூன்று இயல்களை உடையது. பொதுவணியியல் செய்யுள் வகைகளையும், வைதருப்பம், கௌடம் என்னும் இரு நெறிகளையும் விளக்குகிறது. பொருளணியியல் தன்மையணி முதல் பாவிகம் வரை 35 அணிகளைக் கூறுகிறது. சொல்லணியியல் மடக்கு, சித்திரகவி ஆகியவற்றைப் பேசுகிறது.

முதன்மையான அணிகள்

பள்ளிப் பாடங்களில் அடிக்கடி இடம்பெறும் அணிகளைத் தண்டியலங்காரத்தின் நோக்கில் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்.

தன்மையணி: ஒன்றை உள்ளபடியே, அதன் இயல்பு கண்முன் தோன்றக் கூறுவது. ஒப்பீடு எதுவும் இல்லாத வருணனையும் அணியாக ஏற்கப்பட்டது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

உவமையணி, உருவக அணி: “மலர் போன்ற முகம்” என்பது உவமை. “முகமலர்” என்பது உருவகம். முகமாகிய மலர் என விரியும். “மலர்முகம்” என்றால் அது உவமைத்தொகை. உவமையில் இரு பொருள்கள் அருகருகே நிற்கும். உருவகத்தில் அவை ஒன்றாகிவிடும்.

தற்குறிப்பேற்ற அணி: இயல்பாக நிகழும் ஒன்றின்மீது புலவர் தம் கருத்தை ஏற்றிக் கூறுவது.

தீவக அணி: ஓரிடத்தில் நின்ற சொல் பல இடங்களுக்கும் சென்று பொருள் தருவது. “நனைந்தன வயல்களும் வரப்புகளும் வழிநடந்தோர் தோள்களும்” என்பதில் ‘நனைந்தன’ என்னும் சொல் மூன்றுக்கும் பொருந்துகிறது. ஓர் அறையில் வைத்த விளக்கு பல பொருள்களுக்கும் ஒளி தருவது போன்றது என்பதால் இப்பெயர் பெற்றது.

நிரல்நிறை அணி: சொற்களை வரிசையாக நிறுத்தி, அதே வரிசையில் பொருள்கொள்ளச் செய்வது. “மழையும் வெயிலும் விதைப்புக்கும் அறுப்புக்கும் வேண்டும்” என்பதில் மழை விதைப்புக்கும் வெயில் அறுப்புக்கும் உரியவை.

வேற்றுமை அணி: இரு பொருள்களின் ஒற்றுமையைக் கூறிப் பின் வேறுபடுத்துவது. “கிணறும் கல்வியும் தோண்டத் தோண்டப் பெருகும், கிணறு கோடையில் வற்றும், கல்வி வற்றாது” என்பது ஓர் எடுத்துக்காட்டு.

ஒட்டணி: கருதிய பொருளை மறைத்து, அதனை ஒத்த வேறொன்றைக் கூறுவது. பிறிது மொழிதல் என்பதும் இதுவே. திருக்குறளில் இது பல இடங்களில் வருகிறது. மறைத்துக் கூறும் முறையில் ஒட்டணி உள்ளுறைக்கு அருகில் நிற்கிறது. ஆனால் திணை, நிலம், பேசுபவர் என்னும் கட்டுப்பாடுகள் அதற்கு இல்லை.

வஞ்சப்புகழ்ச்சி: புகழ்வது போலப் பழிப்பதும் பழிப்பது போலப் புகழ்வதும் ஆகும். தண்டியலங்காரம் இதனை இலேச அணியோடு சேர்த்துக் கூறுகிறது.

பேராசிரியரின் மறுப்பு

தண்டியலங்காரத்துக்குப் பின் அணிகளைத் தனியாக எண்ணும் வழக்கம் பரவியபோது அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பேராசிரியர், தொல்காப்பிய உவமவியலுக்கு உரை எழுதுகையில் அணிக்குத் தனி இலக்கணம் வேண்டும் என்பதை ஏற்கவில்லை. அணிகள் என எண்ணப்படுபவற்றுள் பல உவமையுள் அடங்கும், மற்றவை செய்யுளின் பொருளுக்கே உரிய இயல்புகள் என்பது அவர் நிலைப்பாட்டின் சாரமாகும். நகையைக் கழற்றினாலும் அதை அணிந்தவர் அவராகவே இருப்பார். பாடலிலிருந்து உவமையைக் கழற்றினால் பாடல் அதுவாகவே இருக்குமா என்னும் வினா இந்த விவாதத்தின் அடியில் உள்ளது.

மறுபுறம், திருக்குறள் உரையில் பரிமேலழகர் அலங்காரப் பெயர்களைப் பயன்கொண்டார். குறளின் பொருளை விளக்கும்போது ‘எடுத்துக்காட்டுவமை’, ‘பிறிது மொழிதல்’ போன்ற பெயர்களால் அதன் அமைப்பைச் சுட்டினார். செய்யுளைத் தந்து அதில் பயின்றுவரும் அணி எது எனக் கேட்கும் இன்றைய வழக்கத்துக்கு இத்தகைய உரைமரபு ஒரு முன்மாதிரி எனலாம். ஆனால் பரிமேலழகரிடம் அணியின் பெயர் பொருள் விளக்கத்துக்குத் துணையாக வருகிறது. அதற்கு மாற்றாக வரவில்லை.

அணிகளின் பெருக்கம்

பின்வந்த நூற்றாண்டுகளில் அணிகளின் எண்ணிக்கை உயர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர், நம்மாழ்வாரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு மாறனலங்காரத்தை இயற்றினார். அதில் பொருளணிகள் 64 ஆயின. 17ஆம் நூற்றாண்டில் திருவாரூர் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கமும், 1730இல் வீரமாமுனிவரின் தொன்னூல் விளக்கமும் ஐந்திலக்கணத்துள் அணியையும் சேர்த்துக் கூறின. வடமொழிச் சந்திராலோகம், குவலயானந்தம் ஆகியவற்றின் வழியில் அதே பெயர்களில் தமிழிலும் நூல்கள் தோன்றின.

நுண்ணிய வேறுபாடுகளுக்குப் பெயர் கிடைத்தது இப்பெருக்கத்தின் பயன். ஓர் அணியை மற்றோர் அணியிலிருந்து பிரித்தறிவதே படிப்பாக மாறியது அதன் விலை.

அச்சுக்காலமும் பள்ளிப் பாடமும்

ஓலையிலிருந்து அச்சுக்கு நூல்கள் வந்தபோது பழைய மரபு மீண்டும் கவனம் பெற்றது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் பதிப்பித்தார். அலங்காரத்தைத் தனிப் பிரிவாக்கிய நூலும், உவமையைப் பொருளுக்குள் வைத்த நூலும் ஒரே பதிப்பாசிரியரின் கையால் நான்கு ஆண்டு இடைவெளியில் அச்சேறின. 1915இல் நற்றிணையும் குறுந்தொகையும் அச்சில் வெளிவந்தன. உள்ளுறையும் இறைச்சியும் எப்பாடல்களுக்காகச் சொல்லப்பட்டனவோ அப்பாடல்கள் பொதுவாசகரின் கைக்கு வந்தன. 1967இல் ஏ. கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டபோது, அகத்திணை நிலக்காட்சியின் குறிப்பாற்றல் உலக வாசகர்க்கும் அறிமுகமானது. 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழை ஒட்டி வளர்ந்த புதுக்கவிதையில் படிமம், குறியீடு என்னும் சொற்கள் வழக்கிற்கு வந்தன.

எனினும் பள்ளியில் ‘அணி’ என்னும் தலைப்பின் கீழ்ப் பெரும்பாலும் தண்டியலங்கார வழிப்பட்ட அணிகளே இடம்பெற்றன. வரையறை, எடுத்துக்காட்டு, விளக்கம் என்னும் அதன் அமைப்பு பாடநூலுக்கும் தேர்வுக்கும் எளிதில் பொருந்தியது. பேசுபவர் யார், எந்த நிலம், கேட்பவர் யார் என்பனவற்றை அறிந்தால் மட்டுமே விளங்கும் உள்ளுறை, இரு மதிப்பெண் வினாவுக்குள் அடங்குவது கடினம்.

ஒரே அணி, இரு கொடிகள்

அணியின் பெயரும் அதன் பொருளும் எவ்வளவு விலகி நிற்கக்கூடும் என்பதற்குப் பலராலும் சுட்டப்படும் இணை ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதிலின்மேல் காற்றில் ஆடும் கொடிகள் அவர்களை வரவேண்டா என்று கைகாட்டித் தடுப்பன போலத் தோன்றுகின்றன. கம்பராமாயணத்தில் இராமன் மிதிலையை நெருங்கும்போது, அந்நகரத்துக் கொடிகள் விரைந்து வருக என்று அழைப்பன போல ஆடுகின்றன.

இரண்டிலும் பொருள் ஒன்று. காற்றில் அசையும் கொடி. இரண்டிலும் அணி ஒன்று, தற்குறிப்பேற்றம். ஒன்றில் கணவன் கொலையுண்ணப் போகிறான். மற்றொன்றில் மணம் நிகழப் போகிறது. இவ்வணிக்குத் தண்டியலங்காரம் பெயரும் இலக்கணமும் தருகிறது. ஒரு கொடி ஏன் தடுக்கிறது, மற்றொன்று ஏன் அழைக்கிறது என்பதைக் கதையையும் பேசப்படும் சூழலையும் கொண்டே அறிய முடியும். பொருளதிகாரத்துள் உவமையை வைத்த தொல்காப்பியம் வலியுறுத்தியது இந்த இரண்டாவது அறிவை.

செய்யுளைப் படிக்கும் மாணவர்க்கு இரு மரபுகளும் பயன்படும். அணியின் பெயரைக் கண்டறிந்த பின், சொல்பவர் யார், அவர் இதனை எங்கே கண்டிருப்பார், ஒப்பிடுவதன் நோக்கம் என்ன, ஒப்பீட்டை நீக்கினால் பாடலில் எது குறையும் என்னும் வினாக்களைக் கேட்கலாம். ஓரேருழவனாரின் உவமையை ‘வினையுவமை’ என்று குறிப்பது சரியான விடை. ஈரம் காய்ந்துகொண்டிருக்கும் வயலில் ஒற்றை ஏரோடு நிற்பவனுக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு என்று உணரும்போதுதான் அந்தத் தலைவனின் தவிப்பும் விளங்கும்.